பன்னிரண்டாவது மடக்குக் கத்தி

அத்தியாயம் 9

“ஆளைக் கொன்ன கத்தி மாதிரியே தெரியல அண்ணி. அழகுப் போட்டிக்கு அனுப்பலாம் போல இருக்கு,” என்றேன்.

அண்ணி காதில் வாங்கவில்லை. கத்தி கைக்கு வந்து இருபது நிமிஷமாகிறது, அப்போதிலிருந்து அவள் இந்த உலகத்தில் இல்லை. கல்யாணப் போட்டோவில் என் அண்ணனைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. அண்ணன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். காரணத்தை யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து, பார்வையும் நாக்கும் ஒருசேரக் கூராகிப்போனவள் அண்ணி. அந்த வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் நான் உதவியாளன் ஆனேன். ஆபீஸ் என்றால் சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இஸ்திரி போட ஆரம்பித்தால் மேலே எங்களுக்கு வேர்க்கும்.

கத்தி போலீஸ் வசம் இருந்த வழக்குச் சொத்து. ஒரு பழைய உதவியை நினைத்து இன்ஸ்பெக்டர் அன்று காலையில் அதைக் காக்கி உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ரேகை எதுவும் இல்லை என்று லேபிலிருந்து திருப்பிவிட்டார்களாம்.

“மூணு மணிக்கு என் மேஜை மேல இருக்கணும் மேடம். நாலு மணிக்குக் கோர்ட்டு. இன்னொரு சேதி, சாணைக்காரர் காலைல ஒத்துக்கிட்டார். கையெழுத்தும் போட்டாச்சு. உங்க கட்சிக்காரம்மாகிட்ட இன்னும் சொல்லல, நீங்களே சொல்லிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சாணைக்காரர் வேலை பார்த்த பட்டறையில் மடக்குக் கத்தி மட்டும்தான் செய்கிறார்கள். அவர் அலகு தீட்டுவார். அவர் மனைவி அந்த அலகைப் பிடியில் மாட்டி, திருகாணி முடுக்கி, விரித்தால் மடங்காமல் நிற்கிற பூட்டை வைப்பார். பட்டறையில் அவருக்குப் பூட்டுக்காரம்மா என்றே பெயர். திங்கட்கிழமை மதியம் பெரிய முதலாளி தன் அறையில் விலாவில் ஒரே குத்தோடு கிடந்தார். மேஜைமேல் இந்தக் கத்தி, துடைத்து மடக்கி வைத்தபடி. பக்கத்தில் சட்டையெல்லாம் ரத்தமாகச் சாணைக்காரர். கேட்ட எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. போலீஸுக்கு இதைவிட வசதியான ஆள் வேறெங்கே கிடைப்பான்?

மறுநாளே பூட்டுக்காரம்மா எங்கள் படியேறி வந்துவிட்டார். “சின்ன முதலாளியோட வேலை மேடம் இது. அண்ணன் தம்பிக்குள்ள தினம் சண்டை. அந்தக் கத்தி மட்டும் எப்படியாவது உங்க கைக்கு வரட்டும், எல்லாம் தெரிஞ்சிடும்,” என்று அழாமல், அழுத்தமாகச் சொன்னார். அழுதிருந்தால் அண்ணி அப்போதே வெளியே அனுப்பியிருப்பாள்.

கத்தி கைக்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“கையக் காட்டு,” என்றாள் அண்ணி. காட்டினேன். உள்ளங்கையில் கத்தியை வைத்தாள். “என்ன தோணுது?”

“கனமே இல்ல.”

“கனம் இருக்கு. எங்க இருக்குன்னு தெரியாத மாதிரி பிரிச்சு வச்சிருக்காங்க. சுண்டு விரல் எங்க போய் உக்காந்துச்சு பாரு. நீயா வச்சியா?”

நான் வைக்கவில்லை. பிடியின் அடியில் லேசான ஒரு குழிவு. விரல் தானாகவே அதில் போய் உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் அலகின் துளையைத் தள்ளினேன். தண்ணீரில் நழுவுகிற மாதிரி விரிந்து, டக் என்று ஒரே சத்தம். பூட்டு விழுந்துவிட்டது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மடக்கினேன். இரண்டு தகடுகளுக்கும் நட்டநடுவில் அலகு போய் ஒளிந்துகொண்டது. மறுபடி விரித்தேன். மறுபடி மடக்கினேன். எனக்கே வெட்கமாகிவிட்டது, விட மனசு வரவில்லை.

“பிடிச்சிருக்குல்ல?” என்றாள் அண்ணி. “நானா இருந்தா ஒண்ணே ஒண்ணு மாத்துவேன். பாக்கெட்ல மாட்டுற இந்தக் கிளிப்ப ரெண்டு பக்கமும் போடுற மாதிரி வைப்பேன். இடது கைக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“நானா இருந்தா பின்னாடி காது குடைய ஒரு கம்பி வைப்பேன்.”

“காது உனக்கு அலங்காரத்துக்குத்தானே. சொன்னா கேக்கவா போகுது?” என்று போனை என் முன்னால் தள்ளினாள். “இதப் படி.”

பெரிய முதலாளியின் குறை நோட்டு, இன்ஸ்பெக்டர் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். புது மாடலுக்கு மாதிரி செய்து கொடுத்தால் அந்த மனிதர் அதை ஒரு வாரம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிவாராம். அட்டை வெட்டுவார், கயிறு அறுப்பார், பழம் நறுக்குவார். ஏழாம் நாள் குறையை நோட்டில் எழுதிப் பட்டறை நடுவில் நின்று வாசிப்பார். பிறகுதான் வேடிக்கை. குறை யாருடைய வேலையில் இருக்கிறதோ, அவரே அந்தக் கத்தியை இடுக்கியில் பொருத்தி, எல்லோரும் பார்க்கச் சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டும். ஒரே அடியில் உடையாவிட்டால் ‘உடைக்கவாவது ஒழுங்கா வருதா பாரு’ என்பாராம். இரண்டு வருஷத்தில் பதினோரு மாதிரிகள் உடைந்திருந்தன. பதினொன்றில் எட்டைப் பூட்டுக்காரம்மாவின் கையால் உடைக்க வைத்திருந்தார். இப்படிப்பட்டவர் விலாவில் குத்து விழ அறுபது வயது வரை ஆனதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடைசிப் பக்கத்தில் திங்கட்கிழமை தேதி. ‘காலை 10 மணி. பன்னிரண்டாவது. மடக்கினால் அலகு இடது தகட்டில் உரசுகிறது. விரித்தால் ஆட்டம் தெரிகிறது. பூட்டு வேலை சரியில்லை. மதியம் உடைக்க வேண்டும்.’

படித்துவிட்டுக் கையில் இருந்த கத்தியைப் பார்த்தேன். விரித்தேன். ஆட்டம் இல்லை. மடக்கினேன். உரசவில்லை.

“மனுஷன் பொய் எழுதியிருக்கார்,” என்றேன்.

“செத்தவன் மேல பழி போடுறது உனக்குச் சுலபமா வருது. இவ்வளவு நல்ல கத்திய எந்த முதலாளியும் உடைக்கச் சொல்ல மாட்டான். பத்து மணிக்குக் கெட்டுக் கிடந்துச்சு. ஒரு மணிக்கு ஆள் செத்துக் கிடந்தப்போ சரியாயிருந்துச்சு. நடுவுல யாரோ ரிப்பேர் பண்ணியிருக்காங்க.”

“கொலைக்கு முன்னாடியே பண்ணியிருக்கலாமே?”

அண்ணி பிடியின் இடுக்கில் டார்ச் அடித்தாள். “பிடி வரைக்கும் உள்ள இறங்கின கத்தி இது. ரேகையத் துடைக்கிறவன் வெளியத் துடைச்சிட்டு ஓடுவான். இடுக்குல ரத்தம் அப்படியே காய்ஞ்சிருக்கும். இங்க பாரு, பொட்டு இல்ல. புது எண்ணெய்தான் இருக்கு. பிரிச்சுக் கழுவி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டி, உரசல எடுத்து, ஆட்டத்த எடுத்து... கால் மணி நேரமாவது ஆயிருக்கும். பொணம் பக்கத்துலயே கிடக்கு.”

சுண்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

“அப்போ கொன்னவன் கத்தி தெரிஞ்சவன்,” என்றேன்.

“கெட்டுப்போன கத்தியப் பாத்தா சும்மா வச்சிட்டுப் போக முடியாதவன். கிளம்பு, சின்ன முதலாளியப் பாத்துட்டு வருவோம்.”

*

பட்டறையில் நாலு மேஜைகள், ஒரு சாணை, சுவரோரம் அந்த இடுக்கி. சாணைக்காரரின் ஸ்டூல் காலியாக இருந்தது. அதற்கடுத்த மேஜையில் குட்டிக் குட்டி டப்பாக்களில் திருகாணிகளும் வாஷர்களும் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. அது பூட்டுக்காரம்மாவின் இடம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தம்மா அப்போது அங்கே இல்லை, புருஷனைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.

சின்ன முதலாளி அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள்கூட ஆகவில்லை, நாற்காலிக்குப் புது மெத்தை வந்துவிட்டது.

“நான் எதுக்குக் கொல்லணும்?” என்று ஆரம்பித்தார். “எங்கண்ணன் கொஞ்ச நாள்ல தானாவே போயிருப்பான், சுகர், பிரஷர் எல்லாம் இருந்துச்சு.”

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்று அண்ணி கத்தியை மேஜையில் வைத்தாள். “இந்தக் கத்தி உங்க கைல வந்தா எப்படி நல்லாக்குவீங்க?”

அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்படிக் கேளுங்க! முதல்ல ஒரு டார்ச். அப்புறம் விசில், காட்டுல தொலைஞ்சு போனா ஊதலாம். பாட்டில் ஓப்பனர். பல் குத்துற குச்சி. பிடில கலர் கலரா விளக்கு எரியும்...”

“ரேடியோ?” என்றேன்.

“அது அடுத்த வருஷம்,” என்றார் சீரியஸாக. “எங்கண்ணன் ஒண்ணுக்கும் ஒத்துக்கல. ‘கத்தி வெட்டினா போதும்’னான். வியாபாரம் தெரியாதவன்.”

பேசிக்கொண்டே கத்தியை விரித்தார். மடக்கத் தெரியவில்லை. பூட்டைத் தள்ளாமல் அலகை மட்டும் அமுக்கினார், பிறகு தொடையில் வைத்து அமுக்கினார், முகம் சிவந்தது. நான் குறுக்கே பாய்ந்து வாங்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு இரண்டாவது கேஸும் எங்களுக்கே வந்திருக்கும்.

வெளியே வந்ததும், “இவர் பிரிச்சுக் கழுவி மாட்டினார்னா நான் மொட்டையடிச்சுக்கிறேன் அண்ணி,” என்றேன்.

“உன் தலைய விடு. மணி என்ன?”

“ஒண்ணே முக்கால்.”

“பூட்டுக்காரம்மாவ ரெண்டு மணிக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லு. இன்ஸ்பெக்டரையும் கூப்பிடு. மாடிப்படி வளைவுல நிக்கச் சொல்லு, உள்ள வர வேணாம்.”

ஆட்டோவில் அவள் பையிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரிச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கத்தியின் திருகாணியில் வைத்துக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினாள். எனக்குப் பகீரென்றது.

“அண்ணி! அது கோர்ட்டுக்குப் போற பொருள்!”

“அதான் மெதுவாத் திருப்பினேன்,” என்றாள்.

கத்தியை விரித்துப் பார்த்தேன். லேசாக, மிக லேசாக ஆடியது. அழகான ஒரு பெண்ணின் பல்லைத் தட்டிவிட்ட மாதிரி எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கவனித்துக்கொண்டே அண்ணி, “நாலு மணி நேரமா வச்சிருக்கிற உனக்கே இப்படி வருதுல்ல?” என்றாள்.

*

பூட்டுக்காரம்மா சரியாக இரண்டு மணிக்கு வந்தார். வேலைக்கு நடுவில் ஸ்டேஷனுக்குப் போனவர் ஏப்ரனோடே வந்திருந்தார். மடிப்புக் கலையாத புது ஏப்ரன். கீழே இஸ்திரி உச்சத்தில் இருந்தது. அறை கொதித்தது. அந்தம்மாவுக்கு நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை.

“அவரைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

“உள்ள விடல மேடம். கத்தி கிடைச்சுதா?”

அண்ணி எடுத்துக் கொடுத்தாள். பூட்டுக்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் துளைக்குப் போனது. டக். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. புருஷனை விலங்கு மாட்டிக் கூட்டிப் போனதை எங்களிடம் சொன்னபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு வலி இல்லை.

“யாரு இதுல கை வச்சது?”

“போலீஸ்காரங்க யாராவது நோண்டியிருப்பாங்க,” என்றாள் அண்ணி கொட்டாவி விட்டபடி. “ஏன்?”

“ஸ்க்ரூவக் கால் சுத்து தளத்தியிருக்காங்க. அறிவு கெட்டவங்க. நான் இப்படியா வச்சிட்டு வந்தேன்? கழுவி, எண்ணெய் விட்டு, நடுவுல நிக்க வச்சிட்டுல்ல வந்தேன்!”

ஏப்ரன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் அதற்குள் வெளியே வந்திருந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி அசையவில்லை.

“கழுவின்னீங்களே,” என்றாள். “எதக் கழுவினீங்க?”

பூட்டுக்காரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது, அது கண்ணிலேயே தெரிந்தது. ஆனாலும் பாதியில் விடவில்லை. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால் சுற்றை முடுக்கி முடித்தார். விரித்தார், மடக்கினார், காதருகே வைத்து இன்னொரு முறை விரித்தார். பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

“அந்தாளு ரூமுக்குக் கூப்பிட்டுக் கத்தியக் கைல கொடுத்தார். ‘மதியம் வரைக்கும் எதுக்கு, இப்பவே போய் இடுக்கில வையி, எல்லாரையும் கூப்பிடு’ன்னார். சிரிச்சார் மேடம். பன்னெண்டாவது கத்தி, எனக்கு ஒம்பதாவது தரம். நான் விரிச்சேன்.”

“அப்புறம்?”

“உள்ள போகும்போது ஆடிச்சு,” என்றார். குரலில் ஒரு வியப்பு இருந்தது. “கைல நல்லாத் தெரிஞ்சுது. பத்து மணிக்கு அவர் எழுதினது நூத்துக்கு நூறு உண்மை. அப்படியே விட்டுட்டு வர முடியுமா? அங்கயே வாஷ்பேசின்ல பிரிச்சேன். அப்பதான் பாத்தேன், குறை என் வேலைல இல்ல. பிளேடு முதுகு இடப்பக்கம் அரை மில்லிமீட்டர் கூடுதல் கனம். அதுதான் தகட்டுல உரசி உரசி ஸ்க்ரூவத் தளத்தியிருக்கு. அந்தாளு சொன்ன குறை சரி, சொன்ன ஆள் தப்பு. இடப்பக்கம் மெல்லிசா ஒரு வாஷர் போட்டுச் சமாளிச்சு வச்சேன்.”

தரையில் ஓர் ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், இந்தம்மா வாஷர் தேடியிருக்கிறார்.

“உங்க வீட்டுக்காரர் காலைல கொலைய ஒத்துக்கிட்டார்,” என்றாள் அண்ணி. “உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கார்.”

பூட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் கத்தியின் முதுகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“போடட்டும்,” என்றார். “அவர் பிளேடுதானே.”

“அவரை வெளிய கொண்டுவரத்தானே எங்ககிட்ட வந்தீங்க?” என்று நான் கத்திவிட்டேன். அண்ணி என்னைத் தடுக்கவில்லை.

“கத்திய வெளிய கொண்டுவர வந்தேன் சார். கோர்ட்டுக்குப் போனா அலமாரில போட்டுப் பூட்டிடுவாங்க, துரு ஏறிடும். வாஷர் எல்லாம் தற்காலிகம். பத்து நிமிஷம் சாணைல பிடிச்சு அந்த அரை மில்லிய எடுத்துட்டா இதுல எந்தக் கொம்பனும் ஒரு குறை சொல்ல முடியாது.” எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, நியாயத்தை எடுத்துச் சொல்கிறவர் மாதிரிச் சேர்த்துக்கொண்டார். “பிளேடு தீட்ட நூறு பேர் கிடைப்பாங்க மேடம். இந்தப் பூட்ட வைக்க என்னைத் தவிர யாரு இருக்கா?”

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ரத்தம் பட்ட பழைய ஏப்ரன் எங்கே என்று அவர் கேட்டதற்கு, சாணைத் தொட்டிச் சேற்றுக்கடியில் என்று பூட்டுக்காரம்மா மறைக்காமல் சொன்னார். கத்தியை மட்டும் கொடுக்கவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

*

சாணைக்காரரை விடும்போது மணி ஐந்தாகிவிட்டது. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, விரல்களில் எல்லாம் பழைய வெட்டுக்காயங்கள். நாங்கள் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம். கடன்காரனைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார்.

“ரூமுக்குள்ள போய் முதலாளியத் தூக்கப் பாத்தேன்,” என்றார் தானாகவே. “ஆள் போயிட்டார். மேஜை மேல கத்தி. விரிச்சு மடக்கிப் பாத்தேன், நடுவுல நின்னுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அவதான்னு. துடைச்சு வச்சிட்டேன்.”

பிறகு அண்ணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

“சொன்னாங்க சார்,” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூசாமல் புளுகினேன். “உங்கள நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்க. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாங்க.”

“பொய்,” என்றாள் அண்ணி. “பிளேடு முதுகு இடப்பக்கம் அரை மில்லி கனம்னாங்க. குறை உங்களோடதாம்.”

அவளைப் பெஞ்சோடு கீழே தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. சாணைக்காரர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. மெதுவாகத் தலையாட்டினார்.

“கனம்தான்,” என்றார். “எனக்குத் தெரியும். பத்து மணிக்கு அவர் ‘பூட்டு வேலை சரியில்ல’ன்னு எல்லார் முன்னாடியும் வாசிக்கும்போது நான் அவ பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்.”

“அங்கயே சொல்லியிருக்கலாமே சார்! சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா,” என்றார் சாணைக்காரர், “நான்தானே உடைக்கணும்?”